முழு வருகை

கப்பலூர் கம்பெனிப் பக்கம் போய் மினதி வீடு எது என்று கேட்டால் டீக்கடைக்காரரே எழுந்து வந்து வழி காட்டுவார். பத்து வயசுப் பிள்ளைக்கு இத்தனை செல்வாக்கு அந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் கிடையாது. ஒடிசாவில் பலாங்கீர் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஆனால் அவள் வாயைத் திறந்தால் திருமங்கலத்திலேயே பிறந்து வளர்ந்தவள் தோற்றுப்போவாள். கத்திரிக்காய்க்காரம்மாவிடம், "இம்புட்டுச் சொத்தைய வச்சுக்கிட்டு வெலைய மட்டும் ஏத்திச் சொல்றீகளே" என்று அவள் மல்லுக்கு நிற்பதை வழியில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அந்தத் தமிழ் சத்யப்ரியா டீச்சர் போட்ட விதை என்று ஊர் சொன்னது. சத்யப்ரியாவும் இல்லை என்று மறுத்ததில்லை. பெருமை வந்து மடியில் உட்கார்ந்தால் யார்தான் தள்ளிவிடுவார்கள்?

கோச்சடையிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வந்து போகிறவள் சத்யப்ரியா. கப்பலூரை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் அவளும் தலைமையாசிரியை ஜெயக்கொடியும் மட்டும்தான். ஊர்ப் பிள்ளைகள் காலை ஏழரைக்கே டை கட்டிக்கொண்டு மஞ்சள் வேனில் ஏறிவிடும். வேனுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் மிச்சம். இதற்குக் கீழே போனால் இரண்டாவது டீச்சர் உபரி என்று எழுதி எங்கேயாவது மலையடிவாரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜூன் மாதத்தில் சத்யப்ரியா, வெளிமாநிலத்துக்காரர்களுக்குக் கம்பெனி கொடுத்திருக்கும் லைன் வீடுகளுக்குப் பிள்ளை பிடிக்கப் போனாள். பாதி அக்கறை, பாதி பயம். இதில் எது முதல் பாதி என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது.

தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள் மினதி. அப்பா ஹேமந்த், அம்மா சபித்ரி இரண்டு பேரும் பிளாஸ்டிக் குடமும் வாளியும் செய்கிற கம்பெனியில் வேலை. தம்பியை யார் பார்ப்பது என்று அம்மா கையைக் காட்டிக் கேட்டாள். சத்யப்ரியா விடவில்லை. அங்கன்வாடியில் பேசித் தம்பிக்கு இடம் பிடித்தாள். மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, பேச ஒரு பொதுப் பாஷை இல்லை. இருந்தும் ஒரே வாரத்தில் மினதியைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டாள். அதற்கு அவளை மெச்சத்தான் வேண்டும்.

வயசுக்கு ஏற்ற வகுப்பு என்பது சட்டம். எட்டு வயசுக்கு மூன்றாம் வகுப்பு. 'அ' தெரியாத பிள்ளையை மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டு, விட்டதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. முதல் பாதியைச் செய்வது சுலபம். இரண்டாவது பாதிக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. மினதிதான் ஆறே மாதத்தில் பேச ஆரம்பித்துவிட்டாளே, இனி என்ன கவலை என்று சத்யப்ரியா இருந்துவிட்டாள்.

அவளைப் பார்த்து லைன் வீட்டிலிருந்து இன்னும் ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். வந்தவர்கள் அழுதார்கள். எதற்கு அழுகிறார்கள் என்று கேட்டுச் சொல்ல மினதி வேண்டியிருந்தது. அவள் மூன்றாம் வகுப்பில் இருந்ததைவிட ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்ததுதான் அதிகம். அங்கேயும் படிக்க இல்லை. "சத்துணவு போட்டாச்சுன்னு சொல்லு", "ஒன்னுக்குப் போகணும்னா கையத் தூக்கணும்னு சொல்லு" என்று டீச்சர் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு கம்பெனி சூப்பர்வைசர் தங்கப்பாண்டிக்கும் அவள் தேவைப்பட்டாள். நல்ல மனுஷன், சிரித்த முகம். புது ஆட்கள் வந்திறங்கினால், யாருக்காவது காய்ச்சல் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், போலீஸ் ஸ்டேஷனில் ஆதார் கேட்டால், பைக் நேராகப் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கும். ஒரு அரை மணி நேரம் பிள்ளையை அனுப்புங்கள், கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்பான். அவனுடைய அரை மணி நேரம் பள்ளிக்கூடம் விடுகிற மணியோடுதான் முடியும். மினதியோ பைக் சத்தம் கேட்டதுமே நோட்டை மூடிவைத்துவிட்டு டீச்சர் முகத்தைப் பார்ப்பாள். பெரிய மனுஷர்கள் தேடி வருகிற பெருமை அவளுக்கும் இல்லாமல் இல்லை.

காலையில் செல்போன் ஆப்பில் வருகை போட வேண்டும். மினதி காலையில் வந்திருந்தாள், வந்திருக்கிறாள் என்று போட்டாள் சத்யப்ரியா. பத்து மணிக்கு அவள் போனதை ஆப் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. போகப்போக, காலையிலேயே தங்கப்பாண்டி கூட்டிக்கொண்டு போய்விட்ட நாளிலும் விரல் பழக்கத்தில் அதே இடத்தில்தான் அழுத்தியது. வராதவள் என்று போட்டால் தலை எண்ணிக்கை குறையும், கேள்வி வரும், பிள்ளைக்கும் கெட்ட பேர். யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று ஒன்று உண்டு என நம்புகிறவர்களில் சத்யப்ரியாவும் ஒருத்தி.

இந்த ஆகஸ்ட் பதினைந்துக்குக் கம்பெனிக்காரர்கள் பரிசு கொடுக்க முன்வந்தார்கள். முழு வருகைக்கு ஒரு தண்ணீர் பாட்டில், கூடவே ஒரு சான்றிதழ். ஏட்டின்படி முழு வருகை மினதிக்குத்தான். சான்றிதழில் இரண்டு வரி நல்லதாக எழுதச் சொன்னார் மேனேஜர். 'தமிழில் சரளமாகப் பேசவும் வாசிக்கவும் வல்லவர்' என்று சத்யப்ரியா தன் அழகான கையெழுத்தில் எழுதினாள். மேனேஜர், தங்கப்பாண்டி, டீச்சர், நீலப் பாட்டிலைக் கட்டிப்பிடித்த மினதி என்று போட்டோவும் எடுத்தார்கள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மோல்டிங் மிஷின் ஹேமந்தின் வலது கையை நசுக்கியது.

அன்றைக்கும் தங்கப்பாண்டி பைக்கில் வந்தான், ஆனால் சிரிக்கவில்லை. மினதியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. சத்யப்ரியா மறுநாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கம்பெனி நன்றாகப் பார்த்துக்கொள்கிறது என்று மினதி சொன்னாள். எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள்.

இரண்டு வாரம் கழித்துச் சபித்ரி, ஆஸ்பத்திரியில் ஹேமந்திடம் ரேகை வாங்கிய காகிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தாள். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். காகிதத்தைச் சத்யப்ரியா வாசித்தாள். இயந்திரத்தில் கையை விடக்கூடாது என்று எச்சரித்தும் என் கவனக்குறைவால் விபத்து நடந்தது, நிர்வாகம் பொறுப்பல்ல, என் விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன், இதை என் மகள் எனக்கு வாசித்து விளக்கினாள். கீழே இடது கைப் பெருவிரல் ரேகை.

மினதியைக் கூப்பிட்டு, அப்பாவிடம் என்ன வாசித்துச் சொன்னாய் என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனி பாத்துக்கிரும், கை ஆறுனதும் வேலைக்கு வந்துரலாம்னு போட்ருக்குன்னு சொன்னேன் டீச்சர்."

"அப்பிடி இதுல எங்க இருக்கு?"

"தங்கப்பாண்டி அண்ணே பைக்ல வாரப்ப அப்பிடித்தான் சொல்லிக்கிட்டு வந்தாரு."

சத்யப்ரியா காகிதத்தை அவள் கையில் கொடுத்து முதல் வரியை வாசிக்கச் சொன்னாள். மினதி வெகுநேரம் பார்த்தாள். 'ம' என்றாள். அப்புறம் 'க' என்றாள். சத்யப்ரியா இரண்டாம் வகுப்புப் பாடப் புத்தகத்தைக் கொடுத்தாள். எறும்புப் பாட்டைக் கடகடவென்று சொன்னாள் மினதி, ஆனால் கண் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. நடுவில் ஒரு வார்த்தையில் விரல் வைத்து இது என்ன என்று கேட்டதும் குரல் நின்றுபோயிற்று. நோட்டெல்லாம் முத்து முத்தான எழுத்து. எல்லாம் கரும்பலகையைப் பார்த்துக் கோலம் மாதிரி வரைந்தது.

இரண்டரை வருஷம் தினமும் பார்த்த பிள்ளை. பேச்சைக் கேட்டே மயங்கி, புத்தகத்தைக் கையில் கொடுத்துப் பார்க்கத் தோன்றவே இல்லையே என்று சத்யப்ரியாவுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது. தெரியாது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள், கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அநியாயமான கேள்வி என்று உறைத்தது.

"அஞ்சாப்புப் புள்ள, டாண் டாண்ணு வாசிச்சிரும்னு அண்ணே சொன்னாரு. டாக்டர், நர்ஸு எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாக. எப்பிடி டீச்சர் தெரியாதுன்னு சொல்றது?"

தொழிற்சங்கத்துப் பாண்டியராஜன் விஷயத்தைக் கையில் எடுத்தார். தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தார். அப்பனுக்குத் தமிழ் தெரியாது, வாசித்துச் சொன்ன பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது, அப்படியென்றால் அந்தக் காகிதம் செல்லாது என்பது அவர் கட்சி. பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்று டீச்சர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். சத்யப்ரியா சரி என்றாள். சொல்லும்போது சின்ன விஷயமாகத்தான் இருந்தது.

ஜெயக்கொடி டீச்சர் அவளை மத்தியானம் உட்காரவைத்துப் பேசினாள். கெட்டவள் இல்லை, முப்பது வருஷம் சர்வீஸ் பார்த்தவள்.

"வாசிக்கத் தெரியாத புள்ள எப்பிடி அஞ்சாப்புல இருக்குன்னு கேப்பாங்க. எத்தன நாள் வந்துச்சுன்னு கேப்பாங்க. விபத்து நடந்த அன்னைக்குக்கூட நீ பிரசெண்ட் போட்ருக்க, பாத்தியா? நோண்ட ஆரம்பிச்சா ஒன் வேலைக்கு உலை வைக்கும். நீ போயிட்டா இந்தப் பத்துப் புள்ளைகளையும் எவ வந்து பாப்பா? திருப்பி லைன் வீட்டு வாசல்லதான் ஒக்காந்திருக்கும். ஒரு புள்ளைக்காக எல்லாத்தையும் கெடுத்துராத."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். சத்யப்ரியாவின் புளுகு இரண்டரை வருஷம் தாங்கியதே பெரிது. ஜெயக்கொடி சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் கஷ்டம். லேசாகச் சொல்லிவிடலாம், வாசிப்பில் கொஞ்சம் பின்தங்கியவள் என்று மட்டும் சொல்லலாம், வருகையைப் பற்றி யாரும் கேட்காவிட்டால் நாமாக ஏன் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் பேசியதெல்லாம் ஒன்றாம் வகுப்பு மூலைக்குப் பக்கத்தில். அங்கே இருந்தது தமிழ் புரியாத சின்னப் பிள்ளைகள்தானே என்ற நினைப்பு. புரிந்த ஒருத்தியும் நடுவில் உட்கார்ந்து ஒரு பயலுக்கு மூக்குத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

மதுரையில் விசாரணை. சின்ன அறை, பெரிய மேஜை, அதற்குப் பின்னால் தொழிலாளர் ஆபீசர். ஒரு பக்கம் மேனேஜரும் தங்கப்பாண்டியும், எதிரே கையில் கட்டோடு ஹேமந்தும் பாண்டியராஜனும். ஒடியா தெரிந்த ஆள் யாரும் கிடைக்கவில்லை என்பதால் அங்கேயும் மொழிபெயர்க்க மினதிதான். தன் கேஸுக்குத் தானே வாய் கொடுக்க வந்திருந்தாள், தலைக்கு எண்ணெய் தேய்த்து இரட்டைச் சடை போட்டு, நீலப் பாட்டிலோடு.

மேனேஜர் முதலில் போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார். அடுத்து சான்றிதழ். ஆபீசர் அதைச் சத்யப்ரியா பக்கம் திருப்பி, உங்கள் எழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றாள். சரளமாக வாசிப்பாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், முழு வருகை வேறு, அப்புறம் என்ன என்றார். யோசித்து வைத்திருந்த 'கொஞ்சம் பின்தங்கியவள்' சத்யப்ரியாவின் நாக்கிலேயே செத்துப்போயிற்று.

ஆபீசர் ஹேமந்தைப் பார்த்து, அன்றைக்கு உன் மகள் என்ன வாசித்துச் சொன்னாள் என்று கேட்கச் சொன்னார். மினதி கேட்டாள். ஹேமந்த் இடது கையை ஆட்டி ஆட்டி வெகுநேரம் பேசினான். காகிதத்தைக் காட்டினான், தங்கப்பாண்டியைக் காட்டினான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். தங்கப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்பாவுக்கு ஞாபகம் இல்லையாம் சார்" என்றாள் மினதி.

அவ்வளவு பேச்சும் மூன்று வார்த்தைக்குள் அடங்கிவிட்டது ஆபீசருக்கே ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும். அவர் பேனாவை வைத்துவிட்டு, உனக்கு வாசிக்கத் தெரியுமா, தெரியாதா என்று அவளையே நேராகக் கேட்டார். மினதி சத்யப்ரியாவை ஒருதரம் பார்த்தாள். பைக் சத்தம் கேட்கும்போது பார்க்கிற அதே பார்வை.

"தெரியும் சார். டீச்சர் நல்லாச் சொல்லிக் குடுத்துருக்காக. நான் ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல. அன்னைக்கு நாந்தான் பராக்குப் பாத்துக்கிட்டே தப்பா வாசிச்சுட்டேன்."

பாண்டியராஜன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். மேனேஜர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஹேமந்துக்கு ஒன்றும் புரியவில்லை, மகள் நன்றாகப் பேசுகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, அவள் தோளில் நல்ல கையை வைத்தான். சத்யப்ரியாவுக்கு அப்போதுதான் தெரிந்தது, ஜெயக்கொடி பேசியது எல்லாம் இந்தப் பிள்ளை காதில் விழுந்திருக்கிறது. அப்பனின் கையை விட்டுக்கொடுத்து டீச்சரின் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. வெட்கத்தில் அவளுக்குக் காது இரண்டும் எரிந்தது.

"சார், அது சொல்றது பொய். இந்தச் சான்றிதழ்ல நான் எழுதுனதும் பொய்" என்றாள். "அந்தப் புள்ளைக்கு ஒரு வார்த்தைகூட வாசிக்கத் தெரியாது. பாதி நாள் பள்ளிக்கூடத்துலயே இருந்ததில்ல. எல்லாரும் கூட்டிட்டுப் போனாங்க, நான் அனுப்புனேன், அனுப்பிட்டு வருகை போட்டேன். அவ அப்பாவுக்குக் கை நசுங்குன அன்னைக்கு அவ ஆஸ்பத்திரில இருந்தா. என் ஏட்டுல பள்ளிக்கூடத்துல இருக்கா."

இதை எழுதிக் கொடுக்கிறீர்களா, எழுதினால் ஒரு நகல் உங்கள் துறைக்கும் போகும் என்றார் ஆபீசர். கொடுக்கிறேன் என்று சத்யப்ரியா பேனா கேட்டாள். அவள் எழுதி முடித்ததும், டீச்சர் சொன்னதை உன் அப்பாவுக்குச் சொல்லம்மா என்றார் மினதியிடம். என்ன, என்ன என்று ஹேமந்த் அவர்கள் பாஷையில் கேட்டான். அவள் பாட்டில் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கடைசியில் பாண்டியராஜன் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் எடுத்துச் சொன்னார். கேட்டுவிட்டு ஹேமந்த் மகளையே பார்த்தான், கோபத்தோடு இல்லை.

அடுத்த விசாரணை வரை வீட்டைக் காலி செய்யச் சொல்லக்கூடாது என்று உத்தரவு. பாண்டியராஜனுக்கு அதுவே பாதி ஜெயித்த மாதிரி. வெளியே வந்து டீச்சருக்குக் கும்பிடு போட்டார். சத்யப்ரியா ஸ்கூட்டரை எடுக்கப் போனபோது மினதி பின்னாலேயே வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொல்லிட்டீகளே டீச்சர்."

ஒனக்காகத்தான் சொன்னேன் என்று சத்யப்ரியா ஆரம்பித்தாள், அது முழு உண்மை இல்லை என்று தோன்றியதால் நிறுத்திக்கொண்டாள்.

"தங்கப்பாண்டி அண்ணே கேட்டுக்கிட்டு இருந்தாரு. இனிமே லைன் வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிரும். என்னைய இனி யாரு கூப்புடுவா?"

நீலப் பாட்டிலை ஸ்கூட்டரின் கால் வைக்கும் பலகையில் வைத்தாள்.

"இது முழு வருகைக்குக் குடுத்தது. நாந்தான் வரவே இல்லையே."

சொல்லிவிட்டு அப்பாவிடம் ஓடிவிட்டாள். சத்யப்ரியா அந்தப் பாட்டிலை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டே கோச்சடை வரை ஓட்டிப் போனாள். எந்தச் சிக்னலில் நின்றாள், எதில் நிற்கவில்லை என்று அவளுக்கு நினைவில்லை.

மறுநாள் காலை பிரேயர் முடிந்தது. லைன் வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். மினதி வரவில்லை. ஒன்றாம் வகுப்பில் ஒரு பயல் அழுதுகொண்டிருந்தான், எதற்கு என்று கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. ஜெயக்கொடி அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். விளக்கம் கேட்டு மெமோ வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும், இன்றைக்கா நாளைக்கா என்பதுதான் தெரியாது.

ஒன்பதரைக்குச் சத்யப்ரியா ஆப்பைத் திறந்தாள். மினதி மாஜி, ஐந்தாம் வகுப்பு. விரல் பழகிய இடத்துக்கே போயிற்று. அதை இழுத்து, 'வரவில்லை' என்பதில் அழுத்தினாள். இரண்டரை வருஷத்தில் அந்தப் பெயருக்கு எதிரே முதல் தடவையாகச் சிவப்பு விழுந்தது.

பிறகு ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பையில் வைத்தாள். பாட்டிலைக் கழுவித் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். ஜெயக்கொடியிடம் சொல்லிவிட்டு லைன் வீட்டுப் பக்கம் நடந்தாள். போய் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கடைசி வீடு வரைக்கும் அவளுக்குத் தெரியவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள் மினதி.